சரிவில் விழுந்த தண்ணீர்

ஜெசிந்தா மேடம் விவேக் நகர் வீட்டில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று போன மாதம் அவருடைய தங்கை போனில் சொன்னார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கேள்விதான் வந்தது: கடைசியாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? என்னைப் போல அவருடன் இயற்பியல் நடத்தியிருந்தால் நீங்களும் இதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

தொண்ணூறுகளில் நானும் அவரும் பெங்களூரில் ஒரே பி.யூ. கல்லூரியில், அதாவது பிளஸ் டூ நடக்கும் கல்லூரியில், ஆசிரியர்களாக இருந்தோம். எறிபொருள் கணக்கில் சூத்திரத்தை உருப்போட அவர் விடமாட்டார். திசைவேகம் ஒரு வெக்டர், அளவும் திசையும் உள்ள அம்பு. அந்த அம்பைப் படுக்கையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என்று பிரித்துத் தனித்தனியே போட வேண்டும். "படுக்கையா போறதுக்கு கிராவிட்டின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது, அது பாட்டுக்குப் போகும்" என்பார். இப்படி நடத்தினால் பாடம் முடிகிற வழியாக இருக்காது. தற்காலிகப் பணியில் இருந்த அவரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்ய முதல்வரே வகுப்பைப் பார்க்க வந்தார்.

அன்று பார்த்து மேடம் வகுப்பையே சைக்கிள் இறக்கும் சிமெண்டுச் சரிவுக்குக் கூட்டிப்போனார். மேலே நின்று தோட்டத்துப் பைப்பைச் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்துப் பிடித்தது நான். தண்ணீரின் வேகத்தை முதல் நாளே சமதரையில் அளந்து வைத்திருந்தோம். அம்புகளைச் சரிவோடு ஒட்டிச் சாய்த்துப் பிரித்துக் கணக்குப் போட்டு, தண்ணீர் விழும் இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்தார்.

"சார், கோட்டுக்கு அந்தாண்ட ஒரு அடி தள்ளி நில்லுங்க. ஒரு சொட்டு படாது."

குழாயைத் திறந்தேன். தண்ணீர் கோட்டைத் தாண்டிப் போய் முதல்வரின் ஷூவை நனைத்தது. வேலை போச்சு என்று நினைத்தேன். மேடமோ மன்னிப்புகூடக் கேட்காமல் ஈரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் மேடம், ஜாஸ்தி தூரம் வந்துடுச்சு?" என்றார் முதல்வர்.

மேடம் தரையிலேயே வரைந்து பார்த்தார். "வேகத்தைச் சாய்ச்சுப் பிரிச்சேன் சார், கிராவிட்டியைப் பிரிக்க மறந்துட்டேன். சரிவுல அதுலயும் ஒரு பங்கு தண்ணியச் சரிவோடயே முன்னால தள்ளுது!"

முதல்வர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நாளைக்குச் சரியா போடுங்க. எங்க நிக்கச் சொல்றீங்களோ, நிக்கிறேன்."

மறுநாள் ஷூ காயாததால் செருப்போடு வந்து நின்றார். தண்ணீர் புதுக் கோட்டிலேயே விழுந்தது. அந்த வருஷமே மேடத்தின் வேலை நிரந்தரமானது.

துக்கம் விசாரிக்கப் போனபோது, என் கேள்வியைத் தங்கையிடம் கேட்டே விட்டேன்.

"ஜன்னல்ல மழையப் பாத்துட்டு இருந்தாங்க. 'காத்து இந்தப் பக்கம் அடிக்குது, மழை ஏன் எதிர்ப்பக்கம் சாயுது?'ன்னாங்க. நான் காபி எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். இன்னும் விடை தெரியவில்லை. மழை வந்தால் குடையில்லாமல் வாசலுக்குப் போய்விடுகிறேன்.