ஹனா வந்த வாரம்

என் மகளின் அறையிலிருந்து, ஓவியச் சாயம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை வந்தது. நாங்கள் வளர்ந்த புலாவ் செபாங் ரப்பர் தோட்டத்து வீடு அப்படியே நினைவில் எழுந்து வந்தது.

தொண்ணூறுகளில் அக்கா கோலாலம்பூரில் ஓவியக் கல்லூரி மாணவி. மாணவர் பரிமாற்றத்தில் ஜப்பானியப் பெண் ஹனா எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினாள். அடுத்து அக்கா ஜப்பானில் அவள் வீட்டுக்குப் போகவேண்டும். ரப்பர்ப்பால் வாடைக்கு ஹனா முகம் சுளிக்கவில்லை. இருவரும் வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்க வரைந்தார்கள்.

கடைசி நாள் சாப்பிடும்போது, "நீ எப்போது வருவாய்?" என்று ஹனா கேட்டாள். அக்கா அதை அப்பாவிடம் தமிழில் சொன்னாள்.

"வயசுப் பிள்ளைய அவ்ளோ தூரம் அனுப்ப முடியாதுலா. மாப்பிள்ளை வீட்டுல வாக்குக் கொடுத்தாச்சு."

"இவளோட அப்பா மட்டும் எப்படிப்பா அனுப்பினாரு?"

அப்பா கை கழுவப் போய்விட்டார். அக்கா ஹனாவிடம் சிரித்துக்கொண்டே, சீக்கிரம் வருவதாக ஆங்கிலத்தில் பொய் சொன்னாள்.

மறுநாள் ரயில் ஜன்னலில் ஹனா கையசைத்தாள். அக்கா அசைக்கவில்லை. என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த மாதம் என் மகள் அதே போலப் பரிமாற்றத்தில் இத்தாலி போகிறாள். அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அவ பிளேன் ஏறுற வரைக்கும் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்காம பாத்துக்க" என்றாள்.