பச்சை பீரோவில் ஒரு பொட்டு

கன்னத்தைத்தான் முதலில் வைப்பார் இன்னாசி. யாரோ ஸ்பிரே அடித்துக் கெடுத்த மேஜையோ கட்டிலோ, எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு அதில் கன்னத்தை இழைத்துப் பார்ப்பார். வழிந்த சொட்டு, படிந்த தூசி, ஒட்டிச் செத்த கொசு எல்லாம் அகப்பட்டுவிடும். "கை பொய் சொல்லும் சார், தின்னர்ல ஊறுன கை. கன்னம் சொல்லாது" என்பார். அதற்காகவே தினமும் மழமழவென்று சவரம். ஐம்பது வயதிலும் மாப்பிள்ளைக் களையோடு ஜீவனஹள்ளியில் திரிபவர் அவர் ஒருவர்தான்.

கோலார் தங்கவயலில் பிறந்தும் சுரங்கத்தில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து, பெங்களூர் வந்து காருக்குப் பெயிண்ட் அடிக்கப் பழகியவர். ஆனால் புதிதாக அடிப்பதில் அவருக்கு ருசியில்லை. அடுத்தவன் சொதப்பியதைச் சரிசெய்வதில்தான் ஆனந்தம். சைக்கிளின் பின்னால் கால் பம்பும் ஸ்பிரே துப்பாக்கியும், முன்னால் உப்புத்தாளும் தின்னர் புட்டியும். வேலை முடிந்ததும் தின்னர் துணியால் விரல் விரலாக, நக இடுக்குவரை துடைத்த பிறகுதான் டீயைத் தொடுவார். "ரத்தக் கையோடயா டாக்டர் வூட்டுக்குப் போறாரு?"

ஒரு வெள்ளிக்கிழமை நீலசந்திராவிலிருந்து முத்தம்மா ஆள் அனுப்பினாள். மகள் கல்யாணச் சீருக்கு வாங்கிய பிஸ்தா பச்சை மர பீரோ காலையில்தான் வந்திருந்தது. ராகுகாலத்துக்கு முன் பொட்டு வைத்துவிடும் அவசரத்தில், பெயிண்ட் காயாத கதவில் குங்குமம் வைத்துவிட்டாள். பிறகு பதறிப்போய் முந்தானையால் சுற்றிலும் துடைக்க, கதவெல்லாம் சிவப்புக் கோடு. மூன்று மணிக்கு ஆனேக்கல் சம்பந்தி வீட்டார் வண்டியோடு வந்து நிற்பார்கள்.

"எல்லாத்தையும் தேச்சுட்டு மேல ஒரு கோட்டிங் அடிச்சா தீந்துச்சு" என்று உப்புத்தாளை எடுத்தார் இன்னாசி.

"ஐயோ, பொட்ட அழிக்காதண்ணா! கல்யாணப் பொண்ணு பீரோ." முத்தம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

முப்பது வருடத்தில், தப்பை வைத்துக்கொண்டே சரிசெய்யச் சொன்னவர் யாருமில்லை. இன்னாசிக்குக் குஷி பிறந்துவிட்டது. "ஸ்வல்பம் பொறும்மா!"

பீரோவை வெயிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார். காய்ந்ததும், நயா பைசா வந்து செல்லாமல் போன காலணா ஒன்றைப் பொட்டின்மேல் வைத்தார். சுற்றியிருந்த சிவப்பை மட்டும் தேய்த்தெடுத்து, இரண்டு கதவுக்கும் பச்சையை ஊதினார். காசைத் தூக்கினால், கம்பாசில் போட்டதுபோல் வட்டப் பொட்டு. முத்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு கதவுல மட்டும் இருந்தா நல்லால்ல. அதுலயும் ஒண்ணு வையி. ஈரத்துல வெச்சாத்தான் புடிக்கும்" என்றார் இன்னாசி.

"நான் வெச்சு ஒருதரம் கெடுத்தது போதுண்ணா. நீயே வையி."

"நான் மாதா கோயில் ஆளும்மா."

"இருந்தா இன்னா? என் கையவிட உன் கை சுத்தமா கீது."

எந்த விரல் என்று கேட்டுக்கொண்டு, மோதிர விரலில் குங்குமம் தொட்டு, மூச்சைப் பிடித்து வைத்தார் இன்னாசி. இரண்டு பொட்டும் அழியாமலிருக்க மேலே நிறமில்லாத வார்னிஷ் ஒரு பூச்சு.

மூன்று மணிக்கு வந்த சம்பந்தியம்மாள் பொட்டைத் தொட்டாள், சுரண்டினாள், அசந்துபோனாள். "அழியாத பொட்டா! எந்தக் கடைல இப்படிப் போட்டுத் தராங்க?" முத்தம்மா வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

வாசலில் இன்னாசி தின்னர் துணியை எடுத்தார். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்று துடைத்து, மோதிர விரலை விட்டுவிட்டு, சுண்டுவிரலையும் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.