கடலை முதுகில் வைத்துத் தொழுத மாலை

கடல் பார்க்கப் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கண்டிப் பக்கத்தில் இருப்பவர்கள் கடல் பார்க்க மேற்கே போவார்கள். நீர்கொழும்பு, காலி. நான் கிழக்கே போனேன். தோழி நஸ்ரின் அங்கே இருக்கிறாள் என்பது ஒரு காரணம். அவளைத் தவிர அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்பது மற்றக் காரணம்.

மே மாதம் வைத்தியர் நோயின் பெயரைச் சொன்னார். முடக்குவாதம். எனக்கு இருபத்தேழு வயது. "முற்றாக மாறாது, ஆனால் கட்டுப்படுத்தலாம்" என்றார். முதற்பாதி உடனே கேட்டது. இரண்டாம் பாதி காதில் விழ வாரங்கள் ஆயின. உம்மா கிளினிக் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "கலியாணப் பேச்சு நடக்குற நேரம். யாரிட்டயும் வாய் திறக்காதே."

காலையில் விரல்கள் மடங்காது. முழங்கால் தரையில் பட்டால் எழும்ப இன்னொருவர் வேண்டும். கதிரையில் இருந்து தொழலாம், மார்க்கத்தில் தடை இல்லை. பள்ளிவாசலில் பெண்கள் பகுதியின் பின்வரிசையில் கதிரைகள் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவை மூத்தம்மாக்களின் கதிரைகள். அதில் போய் அமர்ந்தால் வைத்தியர் சொன்ன பெயர் என்னுடையதாகிவிடும் என்று பட்டது. தரையில் முடியவில்லை. கதிரைக்கு மனம் வரவில்லை. இடையில், வீட்டில் யாருக்கும் தெரியாமல், தொழாமலே இருந்தேன்.

ஓகஸ்டில் பையைக் கட்டினேன்.

கண்டியிலிருந்து கல்முனைக்கு மகியங்கனை, அம்பாறை வழியாக ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர். சாதாரண பஸ்ஸில் ஏழு மணித்தியாலம், டிக்கட் எழுநூறு ரூபாய் சொச்சம். காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடியுங்கள். மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளையும் வெயில் ஏறுமுன் கடந்துவிடலாம். மூட்டு நோவு உள்ளவர்கள் வலப்பக்க இருக்கை எடுக்க வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு எட்டாவது வளைவில்தான் அது புரிந்தது.

அம்பாறை தாண்டியதும் நிலம் தட்டையாகிவிடுகிறது. நான் மலையில் வளர்ந்தவள். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஏதோ ஒன்று பார்வையைத் தடுக்கும் ஊர். இங்கே தடுக்க எதுவும் இல்லை. அறுவடைக்கு நிற்கும் வயல், அதன் மேல் வானம், அவ்வளவுதான். கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் கேட்டார், "என்ன புள்ள, வயல் கண்டதில்லியா?" "இவ்வளவு கண்டதில்ல" என்றேன். "கண்டுக்க, கண்டுக்க. காசு கேக்க மாட்டம்" என்றார்.

கல்முனையிலிருந்து நஸ்ரினின் ஊரான நிந்தவூருக்கு எட்டுக் கிலோமீற்றர் மட்டில். அக்கரைப்பற்றுக்குப் போகும் எந்த பஸ்ஸும் போகும். தெருவின் ஓரம் முழுக்க நெல் காயப் போட்டிருந்தது. பஸ் அதற்கு வழி விட்டுப் போனது.

நஸ்ரின் பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழி. இப்போது ஆசிரியை. அவளுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. அவளுடைய உம்மாவை நான் மாமி என்று அழைப்பேன். மாமி உரத்துப் பேசுவார், உரத்துச் சிரிப்பார், ஒரு கணம் சும்மா இருக்க மாட்டார்.

முதல் நாள் விடியுமுன் சுபஹுத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. ஒரு பள்ளி தொடங்க, அடுத்தது, அதற்கப்பால் இன்னொன்று. கரை நெடுக ஊருக்கு ஊர் குரல் நகர்ந்துகொண்டே போவதுபோல் இருந்தது. படுக்கையில் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டு கேட்டேன். எழும்பவில்லை. கதவுக்கு வெளியே நஸ்ரினிடம் பேசும் மாமியின் குரல். ரகசியம் பேசுவதாக அவர் நினைத்த குரல்.

"எழுப்பாத கா அவள. அவளுக்குத் தொழுக இல்ல போல."

மாதவிலக்கு நாட்களில் எங்களுக்குத் தொழுகை இல்லை. ஒரு பெண் பாங்கு கேட்டும் எழும்பாவிட்டால் இந்த வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்க மாட்டார்கள். கேட்காமலிருப்பது மரியாதை. நான் திருத்தவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், ஆறுதலாக இருந்தது.

மாமி அதோடு நிற்கவில்லை. நான் சுவரைப் பிடித்து நடந்து வருவதைப் பார்த்து இஞ்சியும் மல்லியும் அவித்த தண்ணீர் தந்தார். பிறகு துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல். "வயித்தில வெச்சிக்கிட்டுப் படு." கதவைச் சாத்திவிட்டு அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் விரல்கள் மடங்கின.

எட்டு மணிக்குப் பிறகுதான் கடற்கரைக்கு நடந்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு கயிறுகளும் கரைக்கு வந்திருக்கும், வலை தூரத்தில் கடலுக்குள் கிடக்கும். ஒரு கயிற்றுக்கும் மற்றதற்கும் இடையில் நல்ல தூரம். இரு பக்கமும் வரிசையாக ஆண்கள், பின்னால் சாய்ந்து, கால்களை மணலில் ஊன்றி. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அவர்கள் வெறும் கடலை இழுப்பதாகவே தெரிந்தது. மிகமெதுவாக இரு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கின. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனபின் வலையின் மடி கரையேறியது. நெத்தலியும் சூடையுமாக மீன்கள் துள்ளியதில் மணலே நடுங்குவது போலிருந்தது. வாய் திறந்து நின்றேன் போலிருக்கிறது. கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர் கேட்டார்.

"எந்த ஊர் தங்கச்சி?"

"கண்டி."

"அங்க கடல் இல்லியோ?"

"இல்ல."

"அப்ப என்னத்தத்தான் பாக்கிறீங்க?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடித் திறக்கும் கைகள். ஒரு கை மூடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று முன்பு ஒருநாளும் நினைத்ததில்லை. பொறாமையாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பிரமிப்புத்தான்.

மூன்றாம் நாள் ஞாயிறு. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து பாலமுனைக் கடற்கரைக்குப் போனோம், நஸ்ரின், மாமி, நான். நிந்தவூரிலிருந்து தெற்கே, ஒலுவில் தாண்டினால் வரும். ஆட்டோ போய்வர இரண்டாயிரத்து ஐந்நூறு. பேரம் பேசியது மாமி, ஆகவே உங்களுக்குக் கூடலாம். கடற்கரை நிறையக் குடும்பங்கள் பாய் விரித்து அமர்ந்திருந்தன. ஒரு தேநீர்க் கடை, அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய்.

சூரியன் மறைந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் பேச்செல்லாம் அடங்கியது. நஸ்ரினும் மாமியும் குழாயில் முகம் கைகால் கழுவி வுழூ செய்துவிட்டுப் பாயை விரித்தார்கள். மாமி தன் கைப்பையையும் மூன்று சோடிச் செருப்பையும் என் முன்னால் வைத்தார்.

"நீ இதப் பாத்துக்க மகள். உனக்குத்தான் தொழுக இல்லியே."

அவர் அதைச் சொன்ன விதத்தில் துளி சந்தேகமும் இல்லை. மூன்று நாளாக இஞ்சி இடித்தவரின் குரல். செருப்புகளுக்கு முன்னால் நின்றேன். என் வாயிலிருந்து வந்தது எனக்கே புதிதாகக் கேட்டது.

"எனக்குத் தொழுகை இருக்கு, மாமி."

"குளிச்சிட்டயா?"

"எனக்கு விலக்கே இல்ல."

நஸ்ரின் திரும்பினாள். நான் கைகளை நீட்டினேன். வீங்கிய விரல் மூட்டுகள். நோயின் பெயரைச் சொன்னேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது, கதிரையில் இருக்க வெட்கம், ஆகவே மே மாதத்திலிருந்து தொழவில்லை என்றேன். மூன்று வசனம். அவ்வளவு சின்னது.

மாமி என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப நான் தந்த சுடுதண்ணிப் போத்தல்?"

"கையில வச்சிருந்தேன்."

"அடியே! இஞ்சித் தண்ணி?"

"குடிச்சேன். நல்லா இருந்திச்சு."

நஸ்ரின் வெடித்துச் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "ஒரு அறையில நாலு வருஷம் கிடந்தம் கா. எனக்குமா சொல்லல்ல?" என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை. தேநீர்க் கடைக்காரரை அண்ணன் முறையில் கூப்பிட்டுக் கத்தினாள்.

"காக்கா, ஒரு கதிர தாங்க!"

"ஆருக்கு? உம்மாக்கா?"

"எனக்கென்னடா வந்த?" என்று மாமி திருப்பிக் கத்தினார். "இந்தக் குமர்ப் புள்ளைக்கு. கெதியாத் தா, நேரம் போகுது."

சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை வந்தது. கடைக்காரர் தோள் துண்டால் அதைத் துடைத்து மணலில் வைத்தார். ஒரு கால் புதைந்தது. தூக்கி வேறிடத்தில் அழுத்தி வைத்தார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் மஃரிப் அவசரம். நான் குழாயடியில் வுழூ செய்துவிட்டு வந்து அமர்ந்தேன்.

ஒன்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. கிழக்குக் கரையில் தொழும் திசையான கிப்லா தரைப் பக்கம். தொழ நின்றால் கடல் முழுக்க முதுகில். முன்னால் தென்னைகளுக்குப் பின்னே சிவந்த வானம். பின்னால் நான் பார்க்க முடியாத ஒன்று, முழு இருட்டாகிக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டு. குனிந்தபோது அது நெருங்கியது போலிருந்தது. சுஜூதுக்காக இன்னும் தாழ்ந்து குனிந்தேன். நெற்றி தரையைத் தொடவில்லை. தொடாத அந்த இடைவெளியில் அலையின் சத்தம் நிறைந்திருந்தது. பயமாக இருந்தது. பயம் என்று நான் இத்தனை மாதம் அழைத்தது இதுவல்ல. அது சின்னது, என்னளவு. இது என்னை ஒரு மணல் துகள் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு அப்படியே இருக்க விட்டது.

நோய் மாறவில்லை. அடுத்த நாளும் விரல்கள் மடங்கவில்லை. சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நான் எழுதப் போவதில்லை. உம்மாவுக்குத் தெரிந்தால் கோபப்படுவார். ஒரு கலியாணப் பேச்சு நின்றும் போகலாம்.

போக நினைப்பவர்களுக்கு: மார்ச் முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி, நவம்பர் தொடங்கினால் வேண்டாம். கடற்கரைக்குக் காலையில் போங்கள், அல்லது அஸருக்குப் பிறகு. வெள்ளி ஜும்ஆத் தொழுகை நேரம் கடைகள் பூட்டியிருக்கும். வலை இழுப்பவர்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள், கேலி செய்வார்கள். மருந்துக் குளிசைகளைக் கைப்பையில் வையுங்கள், பஸ்ஸின் சாமான் அறையில் சூடு அதிகம். ஒரு வீட்டில் தங்கினால் காலையில் உங்களுக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இஞ்சியாவது மிச்சமாகும்.

திங்கட்கிழமை கல்முனைக் கடைத்தெருவில் ஒரு மடக்குக் கதிரை வாங்கினேன். ஊர் திரும்பும் பஸ்ஸில் கொண்டக்டர் அதை வாங்கிக்கொண்டு, "வயசாளிக்கா தங்கச்சி?" என்று கேட்டார். எனக்கு என்றேன். சரி என்று சாரதியின் இருக்கைக்குப் பின்னால் செருகினார். மகியங்கனைக்குக் கிட்ட பஸ் சாப்பாட்டுக்கு நின்றபோது நண்பகல் ளுஹர் தொழுகை நேரம். கடையின் பின்பக்கம் தொழ ஓர் அறை இருந்தது. கதிரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.