பள்ளத்தெருவுக்கு ஒரு ஆமென்

தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'ஜெபக்கா' என்று பெயர். மாதிரி பாட்டிலின் மூடியைத் திறப்பதற்கு முன்னால்கூட ஒரு நொடி கண்ணை மூடுவாள் என்பதால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். ஒரு பாட்டிலை மாற்றி வைத்தாள், ஒரு முடிவைத் திருத்தி எழுதினாள் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு வரைக்கும் சொல்வதற்கு இடமும் இருக்கவில்லை.

சபையில் அவள் மதிப்பே வேறு. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை தேசத்துக்காக உபவாச ஜெபம் நடக்கும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் முப்பது பேர் காலையிலேயே வந்துவிடுவார்கள். சுவரில் ஆளுயரத்துக்குத் தேசப்படம் மாட்டியிருக்கும். அதன் மேல் கை வைத்துத்தான் ஜெபிப்பார்கள். தலைநகரத்தின் மேல் கை வைப்பதற்கு எப்போதும் தள்ளுமுள்ளு. உள்ளங்கை பட்டுப் பட்டு அந்த இடம் வெளுத்து, தலைநகரமே காணாமல் போய்விட்டது. இவர்களுடைய ஊர் கடுகளவு புள்ளி. அதன் மேல் யாரும் கை வைக்காததால் அச்சு இன்னும் பளிச்சென்று இருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தேசத்தின் பாவத்தை அடுத்தவன் பாவமாகச் சொல்லக்கூடாது. 'நான் செய்தேன்' என்று தன் தலையில் போட்டுக்கொண்டு அறிக்கையிட வேண்டும். "நான் லஞ்சம் வாங்கினேன் ஆண்டவரே" என்று ஓய்வுபெற்ற வாத்தியார் கதறுவார். பாவம், அவருக்கு ஒரு பேனாகூட யாரும் சும்மா கொடுத்ததில்லை. "நான் இரத்தம் சிந்தினேன்" என்று தையல்காரம்மா தேம்பித் தேம்பி அழுவாள். கொசு அடிப்பதற்கே யோசிக்கிற மனுஷி அவள். செய்யாத பாவத்துக்கு அழுவது அவ்வளவு சுகம். இதில் ஜெபக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் வாயைத் திறந்தால் மண்டபமே அழும்.

மூன்று வாரத்துக்கு முன்பு பள்ளத்தெருவின் புதுக் குழாயிலிருந்து மாதிரி வந்தது. சோதனைக்கு அந்தத் தண்ணீரை ஐந்து கண்ணாடிக் குழாய்களில் ஊதா நிற மருந்தோடு கலந்து, வெதுவெதுப்பான பெட்டியில் இரண்டு நாள் வைப்பார்கள். கிருமி இருந்தால் ஊதா மஞ்சளாகும். ஐந்தும் மஞ்சளாகின. அதைத் தன் கைக்குறிப்பில் எழுதிக்கொண்டுபோய் மேலாளரிடம் சொன்னாள்.

"புதன்கிழமை அமைச்சர் வந்து அந்தக் குழாயைத் திறக்கப் போறாரு. இப்ப போய் மஞ்சள் சிவப்புன்னுட்டு. நல்லதுன்னு போடுங்க. அப்புறம் குளோரினைக் கூட்டிச் சரி பண்ணிக்கலாம்."

"சார், குழந்தைங்க குடிக்கிற தண்ணி."

"உங்களுக்கு இன்னும் ஏழு மாசம்தான் சர்வீஸ். நிம்மதியா வீட்டுக்குப் போக வேண்டாமா?"

அவள் கண்ணை மூடி ஒரு நொடி ஜெபித்தாள். பிறகு, குடிக்க உகந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு ஞானம் கொடும் என்று எந்த அமைச்சருக்காக மாதாமாதம் மன்றாடினாளோ, அதே அமைச்சர் வந்து குழாயைத் திறந்து கைதட்டல் வாங்கிக்கொண்டு போனார். குளோரின் என்னாயிற்று என்று இரண்டு தடவை கேட்டாள். நாளைக்கு என்றார் மேலாளர், இரண்டு தடவையும். மூன்றாவது வாரம் பள்ளத்தெருப் பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் கைப்பையில் கைக்குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு சபைக்குப் போனாள். எல்லார் முன்னாலும் உடைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு. தன் முறை வந்ததும் படத்தின் அருகே போய், யாரும் தொடாத அந்தக் கடுகுப் புள்ளியின் மேல் கை வைத்தாள்.

"நான் பொய் சொன்னேன் ஆண்டவரே. தண்ணி கெட்டதுன்னு தெரிஞ்சே நல்லதுன்னு கையெழுத்துப் போட்டேன். அஞ்சு குழாயும் மஞ்சளாச்சு, பார்த்தேன். பிள்ளைங்க அதைக் குடிச்சாங்க."

தெருவின் பெயர் மட்டும் வாய்க்கு வரவில்லை. அதற்குள் ஆமென், ஆமென் என்று மண்டபம் அதிர்ந்தது. வாத்தியார் முழங்காலில் விழுந்தார். தையல்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஜெபம் முடிந்ததும் பாஸ்டர் அவளிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு பாரம் சிஸ்டர். அதிகாரிங்க செய்யிற பாவத்தை இப்படி யாரும் சுமந்து நான் பார்த்ததில்ல."

"பாஸ்டர், அது நான்தான். நானே செஞ்சது."

"அதேதான். அப்படித்தான் சொல்லணும். அடுத்த மாசம் எல்லாச் சபையும் சேர்ந்து மைதானத்துல கூடுறோம். இதே ஜெபத்தை அங்க நீங்க பண்ணணும்."

வெட்கக்கேடு என்னவென்றால், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லியாகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. இதைவிட வசதியான பாவமன்னிப்பு யாருக்குக் கிடைக்கும்? மைதானத்துக்கு எந்தச் சேலையைக் கட்டுவது என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது மண்டபத்தைப் பெருக்குகிறவள் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் பை. பையிலிருந்து தண்ணீர் பாட்டில் எட்டிப் பார்த்தது.

"அக்கா, அஞ்சு குழாயும் மஞ்சளாச்சுன்னு சொன்னீங்களே. அது என்ன குழாய்?"

முப்பது பேரில் அதைக் கேட்க இவள் ஒருத்திதான் இருந்தாள். சும்மா ஜெபத்துக்குச் சொன்னது என்று சொன்னால் போதும், நம்பிவிடுவாள். ஜெபக்கா அந்தப் பாட்டிலையே பார்த்தாள்.

"இந்தத் தண்ணி யாருக்கு?"

"பாப்பாவுக்கு. ஆஸ்பத்திரியில கெடக்குது. அங்க தண்ணி சரியில்லக்கா. அதான் எங்க தெருப் புதுக் குழாயில புடிச்சிட்டுப் போறேன். நல்ல தண்ணின்னு போர்டே வெச்சிருக்காங்க."

"எந்தத் தெரு?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"பள்ளத்தெரு."

"அதைக் குடுக்காத. அந்த போர்டுல இருக்கிறது நான் போட்ட கையெழுத்து."

பெருக்குகிறவள் கத்தவில்லை. பாட்டிலை எடுத்து, மூடியைக் கழற்றி, படியோரச் சாக்கடையில் கவிழ்த்தாள். முழுக்க வடியும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.

"நானும் ஆமென் சொன்னேனேக்கா. எல்லாரையும்விடச் சத்தமா சொன்னேன்."

"உன் பாப்பாவுக்காக நான்..." என்று ஜெபக்கா கையை நீட்டினாள்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். "வேணாம். நீங்க ஜெபம் பண்ணாதீங்க. போய் அந்த போர்டைக் கழட்டுங்க."

துடைப்பத்தை வாசலிலேயே போட்டுவிட்டு அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினாள். ஜெபக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். இருபத்தாறு வருடமாகப் பள்ளத்தெருத் தண்ணீர் அவள் மேசைக்கு வந்துகொண்டிருந்தது. அவள் அங்கே ஒரு நாளும் போனதில்லை. முதலில் எதிர்ப்பட்டவரை நிறுத்தி, வழி கேட்டாள்.