மூன்று பேருக்கு மட்டும்

அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்ததும் எங்கள் யாருக்கும் தலைகால் புரியவில்லை. வேலை கிடைத்துவிட்டால் வீடு தானாகக் கிடைத்துவிடும் என்று அப்பா நம்பினார். கைக்குழந்தையான தம்பியைத் திண்டிவனத்தில் அத்தையிடம் விட்டுவிட்டு, ஒரே நாளில் வீடு பார்த்துத் திரும்பிவிடலாம் என்று அப்பாவும் அம்மாவும் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்கள். எனக்கு அப்போது ஆறு வயது.

நல்ல இடத்தில் வேலை என்று தெரிந்தால் மரியாதையாக வீடு கொடுப்பார்கள் என்று அப்பா கம்பெனி சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதுதான் வினையாகிவிட்டது. ஒரகடத்துக்குப் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் சட்டையைத்தான் பார்த்தார்கள். "எத்தினி பசங்க தங்கப் போறீங்க?" என்று முகம் மலரக் கேட்டார்கள். அப்பா எங்களைக் காட்டியதும் அந்த முகம் சுருங்கிவிடும். ஒரே ரூமில் எட்டுப் பையன்களைப் படுக்கவைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறவர்களுக்கு, ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்ள என்ன பைத்தியமா? ஒருவர் மட்டும் பரிவாகச் சொன்னார். "நீ ஒண்டியா வந்தினா எடம் கீது தம்பி. சம்சாரத்த ஊர்லயே உட்டுடு."

அப்பா டீக்கடைக்குப் பின்னால் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு வீடு அகப்பட்டது. ஒரு ரூம், சமைக்க ஒரு மூலை, தனி பாத்ரூம். வாடகையும் அப்பாவின் கைக்கு எட்டியது. வீட்டுக்கார அம்மா, செப்டிக் டேங்க் நிரம்பிவிடுமே என்ற கவலையிலேயே வாழ்கிறவர். கழிவுநீர் லாரிக்காரன் வந்தால் எப்படிக் காசு பிடுங்குகிறான் என்று எங்களிடம் ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"மூணு பேருக்கு மேல உடமாட்டேன். இது ஒண்ணுதானா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, "ஆமாங்க, இது ஒண்ணுதான்" என்றார். தம்பியை மறந்துவிட்டாரே என்று நான் வாய் திறப்பதற்குள் அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள். நன்றாக வலித்தது.

வீட்டுக்கார அம்மா சாவி எடுக்கப் போனதும் அப்பா தாழ்ந்த குரலில், "ரெண்டு மாசம் போவட்டும். பழகிட்டா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அதுவரைக்கும் அக்கா பாத்துக்குவாங்க" என்றார். பாவம், அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அந்த ரெண்டு மாசம் வருஷங்களாக நீண்டது. வீட்டுக்கார அம்மாவும் இளகவில்லை, வேறு வீடும் அமையவில்லை. பள்ளிக்கூடம் சேர்க்கிற வயதில்தான் தம்பி எங்களிடம் வந்தான். அத்தை பிள்ளைகளைப் போலவே அவனும் அத்தையை அம்மா என்றும், பெற்றவளை அத்தை என்றும் கூப்பிட்டான். அம்மா அதற்கும், "என்னடா கண்ணு" என்று திரும்பிப் பார்த்தாள்.

அன்றைக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்? காலையிலிருந்தே முந்தானையை மார்போடு இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்த அம்மா, சாவி வந்ததும் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "இன்னாம்மா, வந்ததும் வராததுமா தண்ணிய இப்டி தொறந்து வுட்டுக்கினு கீற?" என்று வீட்டுக்கார அம்மா குரல் கொடுத்த பிறகுதான் சிவந்த கண்களோடு வெளியே வந்தாள். புது வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகத்தான் வருகிறது என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

பல வருஷம் கழித்து, என் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு நானும் ஷிஃப்டுக்குப் போக ஆரம்பித்த முதல் நாள், கம்பெனி பாத்ரூமில் நனைந்த ரவிக்கையோடு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. தம்பிக்காகச் சுரந்த பாலைத்தான் அம்மா அன்று அங்கே பீய்ச்சிக் கொட்டிக்கொண்டிருந்தாள். அழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.