ஒட்டாது என்று நான் சொன்ன துகள்

செல்போனில் பட்டன் இருந்த காலம் அது. அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டுகள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த ஒரு டிசம்பர் மாதம். எங்கள் வீடு கோத்தகிரிக்குக் கீழே அரவேணுவில், ஒரு டீ ஃபேக்டரியின் குவார்ட்டர்ஸ். என் கணவர் அந்த ஃபேக்டரியில் ஃபிட்டர். நான் கோத்தகிரியில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அவர் ஐ.டி.ஐ., நான் எம்.எஸ்ஸி., பி.எட். இந்த வித்தியாசத்தை அவர் ஒருநாளும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. நான்தான் எடுத்துக்கொண்டேன் என்பது பின்னால்தான் எனக்கே தெரிந்தது.

அவருடைய முக்கியமான வேலை ரோலர் தீட்டுவது. பச்சை இலையை நசுக்கிக் குருணையாக்க ஃபேக்டரியில் ஜோடி ஜோடியாக ரோலர்கள் ஓடும். துருப்பிடிக்காத எஃகு, நாம் எவர்சில்வர் என்கிறோமே அந்த ஜாதி. அதன் மேல் வெட்டியிருக்கும் பல் மழுங்கினால் இலை சரியாக அரைபடாது, டீயின் நிறமே போய்விடும். அதனால் கழற்றி மெஷினில் ஏற்றிப் பல்லைத் திரும்பக் கூராக்க வேண்டும். அப்போது பொடிப்பொடியாகத் துகள் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் குளிரில் மூச்சு பட்டதும் கண்ணாடி மங்கிவிடும், பல்லே தெரியாது என்று கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்வார். அவர் மட்டுமல்ல, அங்கே எல்லோருமே அப்படித்தான்.

வேலைக்குப் போட்டுப்போகும் ஸ்வெட்டரை அவர் வாசலில் உதறிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்படியும் வீட்டுக்குள் துகள் வரும். ஒருநாள் என் காலில் குத்திவிட்டது. நான் சத்தம் போட, அவர் சாவகாசமாக ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துவந்து தரையில் தேய்த்துத் துகளைப் பொறுக்க ஆரம்பித்தார். எனக்குள் இருந்த டீச்சர் விழித்துக்கொண்டாள். எவர்சில்வர் எப்படிக் காந்தத்தில் ஒட்டும் என்று கேட்டேன். ஒட்டுதே என்றார்.

எங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு தேய்ந்த ரோலர் துண்டு கிடந்தது, வளையம் மாதிரி. பள்ளியில் இருந்து சட்டக் காந்தத்தைக் கொண்டுவந்து அதில் வைத்துக் காட்டினேன். காந்தம் சொத்தென்று கீழே விழுந்தது. பாருங்கள், ரோலர் ஒட்டவில்லை, அப்புறம் அதன் தூள் எப்படி ஒட்டும், நீங்கள் பொறுக்கியது உங்கள் மெஷின் கட்டரில் இருந்து உதிர்ந்த இரும்பு என்று தீர்ப்புச் சொன்னேன். அதோடு விட்டேனா? காந்தம் லேசாகத் தள்ளுவது டயா காந்தம், லேசாக இழுப்பது பாரா காந்தம், பலமாக இழுப்பது ஃபெர்ரோ காந்தம் என்று மூன்று கட்டம் போட்டு, தாமிரம் இங்கே, அலுமினியம் இங்கே, இரும்பு, நிக்கல், கோபால்ட் இங்கே என்று காலண்டரின் பின்புறத்தில் பாடமே நடத்தினேன். அவர் ரோலர் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு தடவை இடது கண் சிவந்து வந்தார். தூள் விழுந்துவிட்டது, டிஸ்பென்சரியில் கழுவிச் சொட்டு மருந்து போட்டார்கள் என்றார். இரண்டு நாளில் சரியாகிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

சில வருடம் கழித்து, நான் முதலில் சொன்ன அந்த டிசம்பரில், அவருக்கு விடாத தலைவலி. பின்மண்டையில் ஆரம்பித்து நெற்றிக்கு வரும். நடக்கும்போது தள்ளாடும். குன்னூர் டாக்டர் கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார், ஆளை ஒரு பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து எடுப்பார்களே, அது. என் கணவரின் அண்ணன் மூளையில் கட்டி வந்து இறந்துபோனவர். அதுவும் தலைவலியில்தான் ஆரம்பித்தது. அதை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஆனால் அந்த மூன்று வாரமும், அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும் வரை, நான் சரியாகத் தூங்கவில்லை.

விடிகாலை பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் போனோம். கையோடு ஒரு கட்டு விடைத்தாளும் கொண்டுபோயிருந்தேன். ஸ்கேன் சென்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள், ஆங்கிலத்தில். நான்தான் நிரப்பினேன். இதயத்தில் கருவி உண்டா, எலும்பில் பிளேட் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். நடுவில் ஒன்று, கண்ணில் எப்போதாவது உலோகத் துகள் பட்டதுண்டா என்று. பேனா ஒரு நொடி நின்றது. அந்தச் சிவந்த கண் ஞாபகம் வந்தது. ஆனால் அது எவர்சில்வர், காந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதுவும் கழுவியதில் போய்விட்டது. உண்டு என்று எழுதினால் வேறு தேதி கொடுத்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. இல்லை என்று டிக் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் விடைத்தாள் திருத்தினேன். யாரோ ஒரு பிள்ளை, எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு காந்தத்தில் ஒட்டும், ஆகவே அது ஃபெர்ரோ காந்தப் பொருள் என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பும் வருகிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

இவரை உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். சட்டையை மாற்றச் சொல்லி, மோதிரம், வாட்ச், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். வெள்ளி டயா காந்தப் பொருள், அதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று நான் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, பரவாயில்லை கழற்றிவிடுங்கள் என்றாள். பிறகு படிவத்தில் நான் எழுதியதை எல்லாம் வாய்விட்டு அவரிடம் திரும்பக் கேட்டாள். கண் கேள்வி வந்தபோது அவர், எப்போதோ ஒருதடவை தூள் விழுந்தது என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. என்ன வேலை என்று கேட்டாள். ஃபிட்டர் என்றதும் படிவத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கலாம் என்றாள்.

அவ்வளவுதான், நான் பிடித்துக்கொண்டேன். நான் ஃபிசிக்ஸ் டீச்சர், பதினான்கு வருடமாக இந்தப் பாடத்தைத்தான் நடத்துகிறேன், அது துருப்பிடிக்காத எஃகு, காந்தம் அதை இழுக்காது, நானே காந்தம் வைத்துச் சோதித்திருக்கிறேன் என்று அடுக்கினேன். அடுத்த ஆளுக்கு விட்டுவிட்டு எங்களை இன்னொரு நாள் வரச் சொன்னால் மலையில் இருந்து திரும்ப இறங்கி வருவது யார் என்றும் கேட்டேன். உண்மையில் என்னைப் பேசவைத்தது படிப்பு இல்லை, பயம். தலைக்குள் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே தெரிந்தாக வேண்டும் எனக்கு. பயம் வந்தால் என் குரல் உயரும், அது என் சுபாவம். அந்தப் பெண் தயங்கினாள். டாக்டர் இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்தாள், படிவத்தைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது. அறைக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே அந்த இயந்திரம் டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அவர் ஸ்கேன் சென்டர் கொடுத்த அங்கியில், வெறும் காலோடு, கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் பெண்ணிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஏனுங்க, டீச்சர் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். ஆனா எங்க ஃபேக்டரியில டீத்தூள் விழுகற பக்கம் மேலாப்புல காந்தம் கட்டித் தொங்க விட்டிருக்கோமுங்க. ரோலர் தூளு டீயில போயிரக் கூடாதுன்னு. அதை வாராவாரம் நாந்தானுங்க தொடைக்கறேன். கை நெறையத் தூளு வரும்ங்க."

அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். எக்ஸ்ரே எடுக்காமல் உள்ளே விடமாட்டேன் என்று இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இத்தனை பேர் முன்னால் என் பேச்சைத் தட்டிவிட்டாரே என்ற கோபம். அதோடு ஒரே குழப்பம். அந்தக் காந்தம் தொங்குவது எனக்கும் தெரியும். குவார்ட்டர்ஸ் பெண்களோடு ஃபேக்டரி பூஜைக்குப் போனபோது பார்த்திருக்கிறேன். ஒட்டாத உலோகத்தைப் பிடிக்க எதற்குக் காந்தம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அப்படியானால் என் வீட்டு வளையத்தில் காந்தம் ஏன் ஒட்டவில்லை? இரண்டும் கண்ணால் கண்டது. எது பொய்?

அரைமணி நேரத்தில் எக்ஸ்ரே வந்தது. அதற்குள் டாக்டரும் வந்துவிட்டார். விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். இடது கண்குழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. ரவையைவிடச் சின்னது. இத்தனை வருடம் அது அங்கேயே இருந்திருக்கிறது, வலிக்காமல், சொல்லாமல்.

உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். நகர்ந்திருக்கலாம், நகராமலும் இருந்திருக்கலாம், நகர்ந்திருந்தால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். மடியில் இருந்த விடைத்தாள் கட்டு கீழே சரிந்தது. அந்தப் பெண்தான் குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரியாகக் கேட்டேனா, உளறினேனா, நினைவில்லை.

அன்றைக்கு வேறு வகை ஸ்கேன் எடுத்தார்கள், காந்தம் இல்லாதது. தலைக்குள் கட்டி எதுவும் இல்லை. குனிந்து குனிந்து ரோலர் தீட்டியதில் கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில், மலைப்பாதையின் குஞ்சப்பனை வளைவுகளில் அவர் என் தோளில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கினார். நான் அழுதுகொண்டே வந்தேன்.

இரண்டு வாரம் கழித்துக் கண் ஆஸ்பத்திரியில் அறுவை செய்து துகளை எடுத்தார்கள். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். பார்வைக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, சமையலறை மேடையில் குப்பியை வைத்தேன். பக்கத்தில் அந்த ரோலர் வளையத்தையும் எடுத்து வைத்தேன். காந்தத்தை வளையத்தில் வைத்தால் விழுந்தது. குப்பிக்கு அருகே கொண்டுபோனேன். அந்தத் துகள் அடியில் இருந்து நகர்ந்து, கண்ணாடிச் சுவரில் வந்து ஒட்டி நின்றது. காந்தத்தை மேலே நகர்த்தினால் மேலே வந்தது. கீழே கொண்டுவந்தால் கீழே வந்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன். ஒற்றைக் கண்ணில் கட்டோடு கேரட் சீவிக்கொண்டிருந்த அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ இதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க டீச்சர்?" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி விரிவுரையாளருக்கு ஃபோன் செய்து கேட்டேன். இந்த வகை எஃகை வெட்டும்போதும் நசுக்கும்போதும் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் விதமே சில இடங்களில் மாறிவிடும், அப்படி மாறிய பகுதியைக் காந்தம் இழுக்கும், அதனால்தான் முழு ரோலர் ஒட்டாது, அதிலிருந்து பிய்ந்த தூள் ஒட்டும் என்றார். எவர்சில்வரிலேயே ஒட்டுகிற ரகமும் உண்டாம், தட்டுகள் பல அதில் செய்வதுதானாம். புரிந்ததா என்றால், பாதி புரிந்தது. ஒரே பொருள், ஒரே ரோலர், பிறந்த இடத்தில் ஒரு குணம், பிய்ந்துவந்த பிறகு வேறு குணம் என்பது இன்றைக்கும் எனக்குத் தொண்டையில் சிக்கிய மாதிரிதான் இருக்கிறது. அந்தத் தட்டுப் பிள்ளையின் விடைத்தாளுக்கு மதிப்பெண்ணைத் திருத்தினேனா என்றால், இல்லை. ஆஸ்பத்திரி அலைச்சலில் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாருடைய தாள் என்றும் பார்த்து வைக்கவில்லை. அது ஒரு முள்ளாகவே இருக்கிறது.

அதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று. தெரிந்திருந்தும், நான் காலண்டரில் பாடம் நடத்திய அன்றைக்கு வீட்டில் ஏன் வாயை மூடிக்கொண்டார்? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"நீ படிச்சதைச் சொல்றே. நான் கையில கண்டதைச் சொல்றேன். நீ அத்தனை உறுதியாச் சொன்னதும், என்ற கையி மேலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு" என்றார்.

இருபது வருடமாக வாராவாரம் தூளை அள்ளிய கை அது. அந்தக் கையையே சந்தேகப்பட வைத்தவள் நான்.

இப்போதும் வருடா வருடம் அந்தப் பாடம் வருகிறது. கரும்பலகையில் மூன்று கட்டம் போடுகிறேன். குப்பியையும் வளையத்தையும் மேசையில் வைத்து, இவை இரண்டையும் எங்கே எழுதலாம் என்று பிள்ளைகளிடம் கேட்கிறேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். நான் உடனே தீர்ப்புச் சொல்வதில்லை. வீட்டில் ஏதாவது பேச்சு வந்து, "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவர் சொல்லும்போதெல்லாம், முன்பு பெருமையாக இருந்த இடத்தில் இப்போது பயம்தான் வருகிறது. கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, நீங்கள் கண்டது என்ன என்று அவரைச் சொல்லவைத்துவிட்டுத்தான் எழுகிறேன்.