ரெண்டு வார்த்தை தள்ளி விழுந்த சிரிப்பு

டி.வி.யில மேடைக்கு எதிர்க்க உக்காந்து கைதட்டுற கூட்டம் தானா வந்த கூட்டம்னு நினைச்சா, உங்களை மாதிரி வெகுளி கிடையாது. வேன் வெச்சு அள்ளிட்டுப் போவாங்க. அதுல முன்வரிசையில உக்கார்றவ இவ. தெருவுல இவளுக்குக் கைத்தட்டுன்னே பேரு. பல் வரிசை எடுப்பா இருக்கும், கேமராக்காரனுக்கு அது போதும்.

அந்த வேலையில ஒரு கூத்து உண்டு. மேடையில ஈ காக்கா இருக்காது. ஃப்ளோர் மேனேஜர் வந்து, "ம், சிரிங்க"ம்பான். வெறும் நாற்காலியைப் பார்த்துக் கெக்கெக்கேன்னு சிரிக்கணும். அதைத் தனியா புடிச்சு வெச்சுக்குவாங்க. ரியாக்‌ஷன்னு பேரு. அப்புறம் எடிட்டிங்ல எங்க வேணுமோ அங்க ஒட்டிக்குவாங்க, கிழிஞ்ச ரவிக்கைக்கு ஒட்டுப் போடுற மாதிரி. இவ சிரிப்புக்கு மட்டும்தான். அழுகைக்கு வேற ஒருத்தி இருக்கா. கேட்ட நிமிஷத்துல குடம் நிரப்புவா.

இவ ஓரகத்தி, அதான் கொழுந்தன் பொண்டாட்டி, ஒரே வீட்டுல மறுபாதியில குடியிருக்கா. "என் மூஞ்சியில முழிக்காதே"ன்னு ஒருநாள் அவ கத்தின கத்துல அவ பையன் செருப்பைக்கூட மாட்டாம வெளியேறினவன்தான். தகவலே இல்லை. "உனக்குத்தான் அங்க ஆளுங்களைத் தெரியுமே, என்னை மேடை ஏத்தி விடுக்கா, அவன் பார்த்துட்டு வரட்டும்"னு நச்சரிச்சா. இவளும் ஏத்திவிட்டு, வழக்கம்போல முன்வரிசையில உக்காந்துக்கிட்டா.

இவளுக்குத்தான் தர்மசங்கடம். ஏன்னா பையன் எங்க இருக்கான்னு இவளுக்குத் தெரியும். இவளுக்கு மட்டும் போன் பண்ணுவான். "அம்மாகிட்ட சொன்னீங்க, இந்த நம்பரும் இருக்காது பெரியம்மா"ன்னு மிரட்டி வெச்சிருக்கான். சொன்னா பையன் போயிடுவான், சொல்லலைன்னா இவ துரோகி. ரெண்டுக்கும் நடுவுல முள்ளு மேல உக்காந்த மாதிரி நாளை ஓட்டிட்டு இருந்தா.

ராத்திரி நிகழ்ச்சி ஓடினப்போ வீடே டி.வி. முன்னாடி. திரையில ஓரகத்தி, "அவசரத்துக்கு அவங்க அப்பா வேட்டியைக் கட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனவன் எம்புள்ள"ன்னு சொன்னா. அதுக்கு ஒரு சிரிப்பு வந்திருக்கணும். வரலை. "இப்ப உசுரோட இருக்கானோ என்னமோ"ன்னு அவ அழ ஆரம்பிச்சப்போ விழுந்துச்சு பாருங்க, நம்ம கைத்தட்டோட சிரிப்பு, முப்பத்திரண்டு பல்லும் தெரிய!

"அடிப்பாவி!"ன்னாரு கொழுந்தன். ஓரகத்தி எழுந்து தன் பக்கம் போய், ரெண்டு பாதிக்கும் இடையில இருந்த நடுக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டா.

மறுநாள் மத்தியானம் மறுஒளிபரப்பு. அதுக்குள்ள மாத்தியே ஆகணும்னு விடிஞ்சதும் ஸ்டுடியோவுக்கு ஓடினா. எடிட்டிங் ரூம் ஐஸ்பெட்டி கணக்கா இருந்துச்சு. எடிட்டர் கண்ணு செவந்து, நேத்துக் குடிச்ச டீ கிளாஸோட உக்காந்திருந்தான்.

"ஏம்ப்பா, என் சிரிப்பை எங்க கொண்டுபோய் வெச்சிருக்கே?"

அவன் ஓட்டிப் பார்த்து நாக்கைக் கடிச்சான். "ரெண்டு வார்த்தை தள்ளிப் போச்சுக்கா. தூக்கக் கலக்கம்." மவுஸைப் பிடிச்சு இழுத்தான். சிரிப்பு வேட்டிக்குப் பக்கத்துல போய் உக்காந்துச்சு. அவ்வளவுதான் வேலை.

"சிரிப்பை எடுத்த ஓட்டையில என் சோக மூஞ்சியைப் போடு. அவ பேசினப்போ ஒரு கேமரா எங்க பக்கம்தானே ஓடிச்சு?"

எடிட்டர் தேடினான். தேடத் தேட இவளுக்கு முகம் செத்துச்சு. ஒரு இடத்துல முந்தானையைத் திருகுறா. ஒரு இடத்துல கதவைப் பார்க்கறா. நகத்தைக் கடிக்கறா, குனிஞ்சு செருப்பைத் தேடறா. ஓரகத்தி அழற பக்கம் ஒரு தடவைகூட இவ கண்ணு போகலை.

"என்னக்கா, யாரோ துரத்துற மாதிரி நெளியறீங்க? இதைப் போட்டா சிரிப்பே தேவலாம்."

"வேணாம். அழுகைக்கு வெச்சிருக்கீங்களே, அவளையே போட்டுக்கோ"ன்னுட்டு எழுந்தா. வழியெல்லாம் வாய்க்குள்ளயே பேசிட்டு வந்தா. பஸ்ல பக்கத்துல இருந்தவ தள்ளி உக்காந்தா.

நடுக்கதவை நேராப் போய் இடிச்சா. ஓரகத்தி தொடப்பமும் கையுமாத் திறந்தா.

"என்ன, இன்னும் சிரிப்பு மிச்சம் இருக்கா?"

"அது வெறும் நாற்காலியைப் பார்த்துச் சிரிச்சதுடி. எடிட்டர் மாத்தி ஒட்டிட்டான். ஆனா நீ நிஜமா பேசினப்போ உன்னை நிமிர்ந்து பார்க்க எனக்கு மூஞ்சி இல்லை. உன் பிள்ளை நல்லா இருக்கான். எனக்குப் போன் பண்ணுவான்."

"...எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா. சொன்னா நம்பரை மாத்திடுவேன்னான்."

"நான் ஊரு பார்க்க அழுதேனே, அப்பவும் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

தொடப்பம் வந்து இவ தோள்ல விழுந்துச்சு. ரெண்டாவதும் விழுந்துச்சு. இவ நகரலை. மூணாவதுக்கு ஓங்கின கை அப்படியே நின்னுச்சு.

"போனை எடு. அவன் குரலை முதல்ல கேக்கறேன், நான் வாயே திறக்கலை. உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்."